கிளவுஸைக் கழற்றாமல் ஓடிய கோல்கீப்பர்

1. குழு லோன் மேடம்

கிளப் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டு, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சிவகாசிப் பக்கம், நாரணாபுரத்துக்கு அடுத்த ஊர் ஒன்றில் முதல் நாள் நான் ஸ்கூட்டரை விட்டு இறங்கியபோது தெருவே காலியானது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. குழாயடியில் பாதிக் குடம் நிரம்பிய நிலையில் ஓர் அம்மா மட்டும் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்.

"இந்த வாரக் குழு லோன் கட்டியாச்சே மேடம். தலைவிக்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க," என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"லோன் இல்லம்மா. ஃபுட்பால். இந்த ஊர்ல நல்லா பந்து விளையாடுற பொம்பளப் பிள்ளைக இருக்காமே, பாக்க வந்திருக்கேன்."

அவர் என்னைக் கீழும் மேலும் பார்த்தார். "அதுக்கு ஒங்களுக்குச் சம்பளம் குடுக்காகளா?"

"குடுக்காக."

"பிள்ளைக விளையாடுறதைப் பாக்கதுக்கா?"

நான் அசடு வழிந்ததைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. எந்நேரமும் செவத்துல பந்தை எறிஞ்சு எறிஞ்சு புடிச்சுக்கிட்டு. செவத்துக் காரையெல்லாம் பேந்து போச்சு. அதையும் வந்து பாருங்க," என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர்தான் பொன்னுத்தாய். சுவரைப் பெயர்த்த பிள்ளைதான் மாரீஸ்வரி.

அதற்கு முன் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் பி.டி. டீச்சராக இருந்தேன். முழங்கால் தேய்ந்து, விசில் ஊதி ஊதித் தொண்டையும் போய், விருப்ப ஓய்வு வாங்கியிருந்த நேரத்தில் இந்தச் சென்னைக் கால்பந்து கிளப்பிலிருந்து கூப்பிட்டார்கள். அவர்களுடைய யூத் அகாடமிக்குத் தென்மாவட்டங்களில் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு ஸ்கவுட் என்று பெயர். பெண் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புவதென்றால் பேச வருகிறவரும் பெண்ணாக இருந்தால் நல்லது என்று யோசித்திருந்தார்கள். அந்த ஒரு யோசனை சரியாக இருந்தது. மற்றதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2. பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கா

இந்த வேலைக்கு இப்போது இளம் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். லேப்டாப், கேமரா என்று பாதி வீட்டையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் தொழில் பேச்சு.

யார் கோல் போடுகிறாள் என்று நாங்கள் பார்ப்பதில்லை. ஊரில் உயரமாக இருக்கிற பிள்ளைதான் கோல் போடும், அது அகாடமிக்குப் போனால் மூன்று மாதத்தில் சாயம் வெளுத்துவிடும். பந்தைப் பறிகொடுத்த பிறகு அடுத்த நொடி என்ன செய்கிறாள், தலையைக் குனிந்து நிற்கிறாளா, துரத்துகிறாளா என்று பார்ப்போம். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்கிறாளா என்று பார்ப்போம். பெரிய மைதானத்தில் ஓடவிடாமல், சின்ன இடத்தில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் என்று நெருக்கி ஆடவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். கோல்கீப்பருக்குக் கையைவிடக் கால் முக்கியம், காலைவிட வாய் முக்கியம். பின்னால் நின்று மொத்த ஆட்டத்தையும் பார்க்கிறவள் அவள்தான். அவள் கத்தினால்தான் முன்னால் நிற்கிறவர்களுக்குக் கண் திறக்கும்.

பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது இதில் சின்ன வேலை. வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் பெரிய வேலை. கிளப்பில் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது ஒன்று. தேசிய அணி, வெளிநாட்டுப் பயிற்சி, எதிர்காலம். நான் அதையெல்லாம் பேசி முடித்ததும் எங்கள் ஊர் அம்மாக்கள் கேட்பது வேறொன்று. ஹாஸ்டல் பாத்ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா. வார்டன் பொம்பளையா. பத்தாவது பரீட்சை எழுத விடுவாகளா. இதற்கு மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லத் தெரியாதவர் எந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. நான் முதல் வாரமே சென்னைக்குப் போய் ஹாஸ்டலின் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று சரியில்லை, அதை மாற்றச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். அதிலிருந்து ஆபீசில் எனக்குத் தாழ்ப்பாள் மேடம் என்று பெயர்.

அகாடமிக்கு எடுக்கப்பட்டால் பிள்ளைக்குத் தங்குமிடம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் கிளப் பொறுப்பு. வருஷா வருஷம் சோதித்து, வளராதவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். ரிலீஸ் என்று அதற்குப் பெயர். படத்துக்குச் சொல்கிற வார்த்தை மாதிரி இருக்கும், ஆனால் பிள்ளை பெட்டியோடு பஸ்ஸில் இறங்குவாள். எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் திரும்புவார்கள். இதைச் சொல்லாமல் யாரையும் நான் அனுப்பியதில்லை.

பொன்னுத்தாயிடமும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "திரும்பி வந்தாலும் பத்தாவது முடிச்சிட்டுத்தான வருவா?" என்றார்.

"பன்னெண்டு வரைக்கும் படிக்க வைக்கச் சொல்லி நான் பேசுறேன்."

"அது போதும் டீச்சர். பந்து புடிக்காளோ விடுதாளோ, ஆபீசுக்குள்ள கால் வைக்காம இருந்தாப் போதும்."

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பொன்னுத்தாய் அங்கே மருந்து செலுத்துகிற ரூமில் இருந்தார். வெடிக் குழாய்களுக்குள் மருந்தை நிரப்புகிற வேலை. மாரியின் அப்பா லோடு லாரி ஓட்டுகிறவர், சீசனில் வடக்கே போனால் வர வாரக்கணக்காகும். ஆக, அந்த வீட்டில் அம்மாவும் மகளும்தான். கிளப் கால்பந்து வீராங்கனையைத் தேடியது. பொன்னுத்தாய் மகளுக்கு ஒரு வெளிவாசலைத் தேடினார். இரண்டும் ஒன்றுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

3. அணுகுண்டு

மாரி பேச மாட்டாள். அதுதான் எனக்குப் பெரிய தலைவலி. கரிசல் காட்டுக் கட்டாந்தரையில், ஓரமெல்லாம் வேலிக்கருவை முள் கிடக்கிற மைதானத்தில், யோசிக்காமல் பாய்ந்து விழுவாள். எழுந்து தொடையைத் தட்டிவிட்டுக்கொண்டு பந்தைக் கொடுப்பாள். வாயிலிருந்து ஒரு சொல் வராது.

"கத்துடி. லெஃப்ட்ல ஆளு வருதுன்னு கத்து."

"அவளுக்கே தெரியும்ல டீச்சர்."

"அவளுக்குத் தெரிஞ்சா அவ ஏன் அங்க பாத்துக்கிட்டு நிக்கா?"

"அதான் நான் புடிச்சுட்டேன்ல."

இதற்கு மேல் அவளிடம் என்ன பேச. ஊர்ப் பிள்ளைகளை ஓர் அணியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு வருஷம் அவளோடு மல்லுக்கட்டினேன். பக்கவாட்டில் விழக் கற்றுக்கொடுத்தேன். ஓரத்திலிருந்து தூக்கி அடிக்கிற கிராஸ் பந்துக்கு எப்போது வெளியே வருவது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்று கற்றுக்கொடுத்தேன். கிளவுஸ் வாங்கிக் கொடுத்தபோது அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாளாம், பொன்னுத்தாய் சொல்லிச் சிரித்தார். கடைசியில் கத்தவும் கற்றுக்கொண்டாள். முதல் தடவை அவள் "மேல ஏறுங்க" என்று கத்தியபோது எங்கள் டிஃபென்டர்கள் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு மதுரைப் பக்கம் ஒரு டோர்னமென்ட். செமி ஃபைனல் பெனால்டியில் முடிந்தது. எதிர் அணி ஊர்க்காரப் பையன்கள் சிலர், மாரியைக் கலைப்பதற்காக, கோலுக்குப் பின்னால் சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். போதாதென்று ஓர் அணுகுண்டு வெடியையும் வைத்தார்கள். பந்தை வைத்துக்கொண்டு நின்ற பிள்ளையே துள்ளிக் குதித்துவிட்டது. மாரி கண்ணை மூடித் திறக்கவில்லை. புகைக்குள் நின்று பந்தைத் தட்டிவிட்டாள். வெளியே வந்ததும் என்னிடம் அவள் சொன்னது, "மட்ட சரக்கு டீச்சர், சத்தமே பத்தலை" என்பதுதான்.

நான் அந்த வீடியோவைக் கிளப்புக்கு அனுப்பினேன். அகாடமியின் ஹெட் கோச் பிரகாஷ் சாருக்குப் போன் போட்டு, "சார், காதுகிட்ட அணுகுண்டு வெடிச்சாலும் இந்தப் பொண்ணு அசையாது. இப்படி ஒரு கீப்பரை நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். மீட்டிங்கில் எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். சிவகாசிப் பிள்ளை, சத்தத்துக்கு அசையாத பிள்ளை என்று கிளப் முழுக்கப் பேச்சானது. அந்தப் பேச்சை நானும் ரசித்து ரசித்து எல்லாரிடமும் சொன்னேன். சரக்கு நல்லதாக இருந்தால் விற்கிறவருக்கு வாய் நீளும்தானே.

நான் பிரகாஷ் சாரிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய ஒன்று என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு சத்தம் தெரியும். ஒன்று பட்டாசுச் சத்தம். சாயங்காலமானால் ஆபீஸ்களில் சரக்கை டெஸ்ட் போடுவார்கள், மேலே போய் உடையும், காதில் விழும், அதோடு சரி. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட அதற்கு முழிக்காது. இன்னொரு சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே உள்ளங்காலுக்கு வரும். தரையில் ஒரு முட்டு. தகரக் கூரை ஒரு தடவை கடகடக்கும். அது கேட்டால் எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அடுப்பில் இருப்பது இருந்தபடி, கையில் இருப்பது கையிலேயே இருந்தபடி, தங்கள் வீட்டு ஆள் வேலை பார்க்கிற ஆபீஸ் கேட்டைப் பார்த்து ஓடுவார்கள். போன் பண்ண முடியாது. செல்போனை உள்ளே விட மாட்டார்கள், எல்லாம் வெளியே வாங்கி வைத்திருப்பார்கள். நேரில் போய் முகத்தைப் பார்த்தால்தான் உண்டு.

4. ட்ரையல்

அந்த வருஷம் கோல்கீப்பர்களுக்கான கடைசி ட்ரையலை எங்கள் பக்கமே வைத்தார்கள். மாரிக்காகத்தான். வெம்பக்கோட்டை போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தைப் பேசி வாங்கினேன். அகாடமியின் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணி வேனில் வந்து எங்கள் பிள்ளைகளோடு ஆடும். அதைப் பார்த்து முடிவு. ஒரே ஓர் இடம். அடுத்த வருஷம் மாரிக்கு வயது தாண்டிவிடும் என்பதால் அதுதான் அவளுக்கு ஒரே வாய்ப்பு.

முந்தின நாள் நான் வீட்டுக்குப் போனபோது பொன்னுத்தாய் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். "நாளைக்கு நீங்க லீவு போட்டுட்டு வந்து பாருங்க," என்றேன்.

"சீசன் டீச்சர். போர்மேன் விட மாட்டாரு. நான் வந்து என்ன செய்யப் போறேன், கை தட்டவா?" பின்னலை இறுக்கிக்கொண்டே மகளிடம் சொன்னார். "இங்க பாருடி. நாளைக்கு எது நடந்தாலும் நீ நின்ன எடத்துலயே நிக்கணும். என்னைத் தேடாத. எனக்கு ஒண்ணுன்னாலும் அங்கனயே நில்லு. சரின்னு சொல்லு."

"சரிம்மா."

"டீச்சர் முன்னால சொல்லு."

"சரின்னுட்டேன்ல."

சனிக்கிழமை காலை. வெயில் ஏறுவதற்கு முன் ஆட்டத்தைத் தொடங்கினோம். முதல் பாதி முழுக்க மாரிதான். அகாடமிப் பிள்ளைகள் பாலிஷ் போட்ட மாதிரி ஆடினார்கள். எங்கள் பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடினார்கள். பந்து எங்கள் பக்கமே கிடந்தது, ஆனாலும் கோல் விழவில்லை. ஒருத்தி தனியாக உடைத்துக்கொண்டு வந்தபோது மாரி முன்னால் ஓடி வந்து அவள் காலடியில் விழுந்து பந்தை அள்ளினாள். எழுந்து, டிஃபென்டரைப் பார்த்து ஒரு கத்து கத்தினாள். பிரகாஷ் சார் என் பக்கம் திரும்பி, "மேடம், கேம்பஸ்ல ஒரு பெட் ரெடி பண்ணச் சொல்லிடவா?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க, பக்கத்தில் சும்மா நின்ற பிள்ளையை ஏசினேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். தரையில் அந்த முட்டு விழுந்தது. பள்ளிக்கூட சைக்கிள் ஷெட்டின் தகரம் கடகடத்தது. பிறகுதான் சத்தம், ரொம்பப் பெரிதாகக்கூட இல்லை.

மாரி கோல் கோட்டில் நின்றாள். பந்து நடு மைதானத்தில் இருந்தது. அவள் ஆட்டத்தைப் பார்க்காமல் கிழக்கே பார்த்தாள். என்னையும் ஒரு தடவை பார்த்தாள். நின்ற இடத்தில் நிற்கத்தான் அவள் முயற்சி செய்தாள், அது எனக்குத் தெரியும். ஒரு காலை எடுத்து வைத்தாள், திரும்பவும் கோட்டுக்கு வந்தாள். கிழக்கே கண்மாய்க் கரைக்கு மேல் புகை எழுந்தது. அவள் அம்மாவின் ஆபீஸ் அந்தப் பக்கம்தான். மாரி ஓடினாள். முள் ஓரத்தைத் தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறி, கையில் போட்ட கிளவுஸோடு ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் ஓடினார்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. விசில் ஊதாததால் அவர்கள் ஆடினார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து ஆளில்லாத கோலுக்குள் பந்தை உருட்டிவிட்டு, கொண்டாடுவதா வேண்டாமா என்று தெரியாமல் எங்களைப் பார்த்தாள்.

"என்ன மேடம்? எங்க போறாங்க?" என்றார் பிரகாஷ் சார்.

"வெடிச்சிருச்சு சார்."

"பட்டாசு ஊர்தானே மேடம்?"

நான் எனக்குத் தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தேன். லைன் கிடைக்கவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

5. வேனுக்குப் பக்கத்தில்

மாற்று கோல்கீப்பரை இறக்கி மீதி ஆட்டத்தை முடித்தார்கள். வேன் கிளம்புகிற நேரத்தில் பிரகாஷ் சாரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சத்தம் வேறு, இந்தச் சத்தம் வேறு என்றேன். அவள் அம்மா அங்கே வேலை பார்க்கிறார் என்றேன். இங்கே பிறந்த யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள் என்றேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சத்தத்துக்கு அசையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த வீடியோவை வச்சுத்தானே நான் மேல பேசினேன்?" என்றார்.

"அது பட்டாசு சார்."

"இதுவும் பட்டாசுதானே மேடம்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது. காதால் கேட்டு வளராதவருக்கு அதை வாயால் எப்படிச் சொல்வது. அசையாத பிள்ளை என்று பெயர் வாங்கிக் கொடுத்தது நான்தான், இப்போது அசைந்ததற்குக் காரணம் சொல்வதும் நான்தான்.

அவர் மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பேசவும் செய்தார். ஆட்டத்தின் நடுவில் அனுமதியில்லாமல் வெளியேறிய பிள்ளையை எடுத்தால் நாளை மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டார்களாம். அந்த இடத்துக்கு வேறு ஊர்ப் பிள்ளை ஒருத்தியை எடுத்துவிட்டார்கள். அவளும் நல்ல கீப்பர்தான். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

6. கேட்டுக்கு வெளியே

அன்று சாயங்காலம் நான் மாரி வீட்டுக்குப் போனேன். வெடித்தது பொன்னுத்தாயின் ஆபீஸ் இல்லை. அதற்கு அடுத்திருந்த இன்னோர் ஆபீஸ். அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. தெருக்கோடியில் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் நான் போக வேண்டியிருந்தது. கால்பந்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பொன்னுத்தாய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வீங்கியிருந்தது. மாரி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"வாங்க டீச்சர். சாப்பிட்டீகளா?" என்றார். அன்றைக்கும் அதைத்தான் முதலில் கேட்டார். பிறகு, "ஒங்க முன்னாலதான சத்தியம் மாதிரி சொல்லச் சொன்னேன்? எங்களையெல்லாம் வெளிய அனுப்புதாக, நான் கேட்டுக்கு வாரேன், கூட்டத்துல முன்னால இவ நிக்கா. கம்பியப் புடிச்சுக்கிட்டு. கையில அந்த கிளவுஸைக்கூடக் களத்தலை. என்னைப் பாத்ததும் சிரிக்கா டீச்சர். சிரிச்சுட்டா. நான் ஓங்கி ஒண்ணு விட்டேன்."

"அவ சின்னப் பிள்ளை..."

"நான் செத்திருந்தாலும் அவ அங்கனயே நின்னிருக்கணும். நான் எதுக்கு இம்புட்டு வருசமா அந்த மருந்துக்குள்ள கெடக்கேன்? இவ நிக்கணும்னுதான?" வாசற்படியை விட்டு எழுந்தார். "அந்த சார்கிட்ட நான் வந்து பேசட்டுமா டீச்சர்? கால்ல வேணா விழுதேன். நான் உசுரோட இருக்கேன்னு காட்டுதேன். இவ இனிமே ஓட மாட்டான்னு சொல்லுதேன்."

பேசுகிறேன் என்றேன். பேசிவிட்டேன், நம்பிக்கை இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை, மேலிடத்து முடிவு தெரிந்த பிறகு அடுத்த வாரம்தான் சொன்னேன். அன்று கிளம்பும்போது உள்ளே பார்த்து, "மாரி, நல்லாப் புடிச்சே இன்னைக்கு," என்றேன். அவள் திரும்பவில்லை. பின்னலில் வேலிக்கருவை இலை ஒன்று ஒட்டியிருந்தது.

7. வண்டியும் ஆளும்

அந்த வேலையில் நான் அதன் பிறகும் பல வருஷம் இருந்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அகாடமிக்குப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். மாரி பத்தாவது உள்ளூரிலேயே முடித்தாள். பொன்னுத்தாய் பிடிவாதம் பிடித்து அவளை ஆபீசுக்குள் விடவில்லை. இப்போது அவள் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் பைண்டிங் பிரிவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு மைதானத்துக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பந்தை உதைத்துக் கொடுப்பாள். அவளைக் கோலில் நிற்கச் சொன்னால் மட்டும் நிற்க மாட்டாள். அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கிறது, தூரத்திலிருந்து வரும் தண்ணீர் பாட்டிலைப் பிடிப்பதிலேயே தெரியும்.

அந்த நாளை நான் எத்தனையோ தடவை திரும்ப ஆடிப் பார்த்திருக்கிறேன். கிளப் மேல் கோபம் வரும், போகும். ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. மாரிக்கு மைதானத்தை விட்டு ஓட வேண்டும் என்று ஆசை இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு செய்தி. அம்மா இருக்கிறாளா இல்லையா, அவ்வளவுதான். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வர அங்கே வேறு யாரும் இல்லாததால் அவளே போனாள். நாங்கள் முதலுதவிப் பெட்டி வைத்திருந்தோம், ஐஸ் வைத்திருந்தோம், ஸ்ட்ரெச்சர்கூட வைத்திருந்தோம். இது யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது எங்கள் பகுதியில் எந்த ட்ரையல் நடந்தாலும், மைதான வாசலில் ஒரு வண்டியும் ஓர் ஆளும் இருக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பிள்ளையின் வீட்டு ஆள் எந்த ஆபீசில் இருக்கிறார் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற கோச்சுகளுக்கு இதை முதலிலேயே சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பிறகும் ட்ரையல் என்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். வண்டி என்னுடைய ஸ்கூட்டர். ஆள் மாரி.

போன சீசனில், அதே மைதானம். கோலில் நின்றது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவளுடைய அம்மாவும் பொன்னுத்தாய் இருக்கிற அதே ஆபீசில்தான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது தரையில் ஒரு முட்டு. லேசாகத்தான், ஆனால் முட்டு. அந்தப் பிள்ளை கோட்டை விட்டு ஓடத் தொடங்கிவிட்டாள். நான் எழுந்திருப்பதற்குள் மாரி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"நில்லுடி. ஒங்கம்மாவை நான் பாத்துட்டு வாரேன். நீ இங்கனயே நில்லு."

பிள்ளை நின்றாள். மாரி வேலிக்கருவை ஓரமாக வண்டியை விட்டு, கண்மாய்க் கரைப் பாதையில் மறைந்தாள். ஆட்டத்தை நிறுத்தி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பிள்ளை கோல் போஸ்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்திருந்த கோச் அவள் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்.

மாரி திரும்பி வந்தபோது தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். கழிவு மருந்தைக் குழியில் போட்டு எரித்தபோது வந்த சத்தமாம், யாருக்கும் ஒன்றுமில்லை. பிள்ளை தரையில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் குடித்தாள். எழுந்து கோலில் நின்றாள். அவள் இப்போது அகாடமியில் இருக்கிறாள்.

"எங்கம்மாவும் கேட்டுல நிக்கா டீச்சர். என்னைப் பாத்துட்டு, திரும்பவும் வந்துட்டியாடின்னு ஏசுதா," என்று சிரித்துக்கொண்டே மாரி ஸ்கூட்டர் சாவியை என் கையில் கொடுத்தாள். பிறகு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், இம்புட்டுப் பக்கமாவா இருக்கு? அன்னைக்கு ஓடும்போது ரொம்ப தூரமா இருந்துச்சு."

"பக்கந்தான் மாரி," என்றேன்.